அவசியமில்லாத ஒரு மஞ்சள் பட்டை

பாதைக்குக் குறி போடுகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. எங்கள் நடைக் கழகத்தில் சேருகிற எல்லோருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவோம். முதல் நாளே எல்லோரும் மறந்தும் விடுவார்கள்.

காரணம் எளிது. மரத்தில் நாங்கள் தீட்டுகிற மஞ்சள் பட்டை எங்களுக்காக அல்ல. அந்தக் காட்டுக்கு முதல் தடவையாக வருகிற, பசியும் கால்வலியுமாக வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கிற யாரோ ஒருவருக்காக. அவர் வருகிற பக்கத்திலிருந்து நாமும் நடந்து வந்தால்தான் அவர் கண் எந்த மரத்தில் விழும் என்று தெரியும். போகிறவர்களுக்கான குறியைப் போகும்போது போட வேண்டும், திரும்புகிறவர்களுக்கான குறியைத் திரும்பும்போது போட வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. சந்தேகம் வராத இடத்தில் குறி இருக்கக் கூடாது. பாதை ஒன்றுதான், நேராகத்தான் போகிறது என்றால் அங்கே எதற்குப் பட்டை? காடு என்ன கல்யாண வீடா, தோரணம் கட்ட?

எங்கள் ஏழு அருவிப் பாதை பதினான்கு கிலோமீட்டர். கீழ்முனையில் வெர்னுவா, மேல்முனையில் கொர்பியேர். சரியாக நடுவில், பள்ளத்தாக்கின் விளிம்பில், இரும்புக் கம்பி போட்ட காட்சிப்பாறை. இரண்டு திசைக்கும் ஒரே ஆள் குறி போட்டால் இரண்டு நாள் ஆகும். அதனால் கழகத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் காரைக் கீழே நிறுத்திவிட்டு மேல்நோக்கி நடப்பார். மற்றவர் மேலே நிறுத்திவிட்டுக் கீழ்நோக்கி வருவார். நடுவில் பாறையில் சந்தித்துச் சாப்பிட்டு, கார் சாவிகளை மாற்றிக்கொண்டு, அவரவர் வழியில் தொடர்வார்கள். சாயங்காலம் அவர் கார் எனக்கு, என் கார் அவருக்கு. ஊருக்கு வந்து சதுக்கத்தில் கார்களை மாற்றிக்கொண்டால் அந்த வருட வேலை முடிந்தது.

பதினோரு வருடமாக என்னோடு சாவி மாற்றிக்கொண்டவர் ரெஜிஸ்.

நான் ஓடில். வயது அறுபத்துமூன்று. மொர்வோ ஊரில் முப்பத்தைந்து வருடம் வீடு வீடாகத் தபால் கொடுத்தவள். புருஷன் என்று ஒருவன் இருந்தான். லியோனுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றான், வரவில்லை, அதுவும் நல்லதாகத்தான் போயிற்று. ரெஜிஸுக்கு எழுபது. ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர். அவரும் மொர்வோதான். என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு ரொட்டிக் கடை, ஒரு தேவாலயம், இரண்டாயிரம் ஜோடிக் கண்கள்.

அவருடைய மனைவி அர்லெத்துக்கு நினைவு போய்விட்டது. முதியோர் இல்லத்தில் எட்டு வருடம் இருந்தாள். ரெஜிஸ் தினமும் மத்தியானம் போய் அவளுக்கு ஊட்டிவிட்டு வருவார். அவரை அவள் தன் அண்ணன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்ட ஒருவரிடம் போய் நான் என்ன சொல்வது? இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அவள் இறந்துபோனாள். அதற்குப் பிறகும் நான் ஒன்றும் சொல்லவில்லை. முதல் வருடம் மரியாதைக்காக. இரண்டாம் வருடம் பழக்கத்துக்காக.

ஊரில் நாங்கள் பார்த்தால் வணக்கம் சொல்வோம். கழகக் கூட்டத்தில் பெயிண்ட் டப்பா எத்தனை வேண்டும் என்று பேசுவோம். நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து பேசுவது வருடத்துக்கு ஒரு தடவை, ஏப்ரல் மாதத்தில் ஒரு புதன்கிழமை, அந்தப் பாறையில், ஒன்றரை மணி நேரம். அதற்குப் பிறகு அவர் காரை நாற்பது நிமிடம் நான் ஓட்டி வருவேன். அவர் இருக்கை என் காலுக்கு எட்டாமல் பின்னால் இருக்கும். முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வேன். புதினா மிட்டாய் வாசமும் நனைந்த கம்பளி வாசமும் அடிக்கும். நேர்வழியில் வந்தால் அரை மணி நேரம்தான். நான் மலைப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வருவேன். இதற்கெல்லாம் ஒரு பெயர் உண்டு என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

போன ஜூனில் செர்ரி பறிக்க ஏணியில் ஏறி விழுந்தார். மணிக்கட்டும் இரண்டு விலா எலும்பும் போயின. ஒரு மணி நேரம் புல்லில் கிடந்தாராம். மகள் கரின் பிரெஸ்த்திலிருந்து ஓடி வந்தாள். அப்பாவைத் தனியாக விடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். இலையுதிர் காலத்தில் வீடு விலை போயிற்று. இந்த ஏப்ரலில், எங்கள் புதன்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை, அவர் போவதாக முடிவாயிற்று. பிரெஸ்த் இந்த நாட்டின் மறுகோடி. அதற்கப்பால் கடல்தான்.

ஆகவே அந்தப் புதன்கிழமை நான் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. போகாதீங்க. வெர்னுவாவிலிருந்து பாறை வரைக்கும் நாற்பத்தெட்டு மரங்களில் பட்டை தீட்டினேன், ஒவ்வொரு மரத்திடமும் அதைச் சொல்லிப் பார்த்தேன். மரங்களிடம் நன்றாகத்தான் வந்தது.

வழக்கம்போல நான்தான் பாறைக்கு முதலில் வந்தேன். வழக்கம்போல அவர் பத்து நிமிடம் கழித்து வந்தார். பனி உருகிய தண்ணீர் சேர்ந்து எதிர்ச் சுவரில் விசிறி அருவி அகலமாக விழுந்துகொண்டிருந்தது. அதற்கு வலப்பக்கம் தனியாக நிற்கிற கல்தூணுக்கு பிஷப்பின் தொப்பி என்று பெயர். ரெஜிஸ் அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

“அது தொப்பி இல்ல ஓடில். பல்லு. கடவுள் பிடுங்க மறந்துட்டுப் போன பல்லு,” என்றார் உட்கார்ந்துகொண்டே. பிறகு, “என்ன பாலாடைக்கட்டி கொண்டாந்தீங்க?”

“கொம்தே. பதினெட்டு மாசம் பழுத்தது.”

“போன வருஷம் இருபத்திநாலு மாசம் கொண்டாந்தீங்க.”

“போன வருஷம் நீங்க ஊரை விட்டுப் போகலையே. ஓடிப் போறவருக்கு இருபத்திநாலு மாசம் எதுக்கு?”

சிரித்தார். அவர் சிரித்தால் தோள் மட்டும்தான் குலுங்கும், சத்தம் வராது. கத்தியால் கட்டியை மெல்லியதாகச் சீவி முதல் துண்டை எனக்குக் கொடுத்தார்.

“பிரெஸ்த்துல அருவி இருக்கா?” என்றேன்.

“கடல் இருக்கு.”

“கடல் சும்மா கெடக்கும். எங்கேர்ந்தும் விழாது.”

“மழை விழுமாம். வருஷம் பூரா.”

“ரூம் எப்படி?”

“மாடியில. கூரையில ஒரு சின்ன ஜன்னல். நாற்காலி மேல ஏறி நின்னா கடல் தெரியும்னு கரின் சொன்னா.”

“ஏணியிலேர்ந்து விழுந்த மனுஷனை நாற்காலி மேல ஏத்தறாளா உங்க பொண்ணு?”

“அதான், கடல் பாக்க வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்.”

இப்படியே போயிற்று. தொத்திறைச்சி சாப்பிட்டோம், வால்நட் உடைத்தோம். அடுத்த வருடத்துக்குக் கழகம் அமர்த்தியிருக்கிற புதுத் தம்பதி ஒரு மரத்தில் மூன்று பட்டை போட்டு வைத்ததைச் சொல்லிச் சிரித்தோம். சொல்ல வந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வரும். அதன் மேல் ஒரு துண்டு ரொட்டியைப் போட்டு உள்ளே தள்ளுவேன். மணி ஒன்றரை ஆயிற்று. எழுந்தோம். இரண்டு கன்னத்திலும் கன்னம் வைத்து விடைபெறுவது எங்களுக்கு வழக்கம். அன்றைக்கு இரண்டாவது கன்னத்திலேயே அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டார். தாடி முள்ளாகக் குத்தியது. நானும் நகரவில்லை. பிறகு அவர் பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டார், நான் என் டப்பாவை எடுத்துக்கொண்டேன், இரண்டு பேரும் அவசரமாக இரண்டு பக்கம் திரும்பினோம்.

நூறடி போயிருப்பேன். பை கனத்தது போல இருந்தது. தொட்டுப் பார்த்தேன். என் கார் சாவி என் பையிலேயே இருந்தது.

சாவி மாற்ற மறந்திருந்தோம். பதினோரு வருடத்தில் முதல் தடவை. கழகத்தில் வேறு ஜோடிகளுக்கு இது நடந்து, அதை வைத்து வருடக்கணக்காக அவர்களைக் கேலி செய்திருக்கிறோம்.

மறந்தது உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். நின்ற இடத்திலிருந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் அவருக்குக் கேட்டிருக்கும். கொடுக்கவில்லை. வழவழவென்ற சாம்பல் தண்டுள்ள ஒரு பீச் மரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்தேன். பிறகு பையில் போட்டுக்கொண்டு அடுத்த அடி எடுத்து வைத்தேன். அவர் கீழே போவார், காரைத் திறக்க முடியாது. நான் மேலே போவேன், என்னாலும் திறக்க முடியாது. யாராவது ஒருவர் திரும்பி நடந்தாக வேண்டும், இன்னொரு தடவை பார்த்தாக வேண்டும். எழுபது வயது மனிதருக்கு இது எவ்வளவு தொல்லை என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே நடந்தேன். அறுபத்துமூன்று வயதில் இந்தத் திருட்டுத்தனம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

கொர்பியேர் போய்ச் சேரும்போது மணி நாலு. ஒரு குறிகூட விடவில்லை. திருட்டுத்தனம் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம். ரெஜிஸின் நீல நிறக் கார் காப்பிக் கடை வாசலில் நின்றது. கடைக்காரி ஜினெத் என்னோடு பள்ளியில் படித்தவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள். நான் காரைத் தாண்டிக் கடைக்குள் போனதும் புருவத்தைத் தூக்கினாள்.

“என்னடி, காரை எடுக்காம காப்பிக்கு வந்து நிக்கறே?”

“சாவி மாத்த மறந்துட்டோம்.”

“மறந்துட்டீங்களா?”

“மறந்துட்டோம்.”

“நீ. தபாலாபீஸ்ல ஒரு லெட்டர் மாத்திப் போடாதவ. அவர், ரயிலையே முட்டாம பாத்துக்கிட்டவர். ரெண்டு பேரும் சேந்து மறந்துட்டீங்க.” காப்பியை டக்கென்று வைத்தாள். “சரி, குடி. வேன்ல கொண்டுபோய் வெர்னுவாவுல விடறேன். அந்த மனுஷன் உன் கார் பக்கத்துல காவல் நாய் மாதிரி உக்காந்திருப்பார்.”

“வேண்டாம். நடந்து போறேன்.”

“நடந்தா? இப்பத்தான் பதினாலு கிலோமீட்டர் நடந்து வந்திருக்கே!”

“ஒரு வேளை அவரும் திரும்பி வந்துக்கிட்டிருந்தா? பாதையில வந்தாத்தானே பாக்க முடியும்?”

“போன் பண்ணு.”

“அவர் போனு அவர் வீட்டுச் சமையலறை மேசை மேல இருக்கும். எப்பவும் அங்கதான்.”

ஜினெத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள். “சனிக்கிழமை போறார்.”

“தெரியும்.”

“சொல்லிட்டியா?”

“எதை?”

“எதையாம்! மொர்வோவுல இருக்கற பூனைக்குக்கூடத் தெரியும், இவளுக்குத் தெரியாதாம். வருஷா வருஷம் அந்தக் காரை இங்கேர்ந்து எடுத்துக்கிட்டு மலையைச் சுத்திப் போறியே, நான் குருடியா? ஊமை கண்ட கனவா வெச்சுக்கிட்டு சாகப் போறே பாரு.”

“கத்தாதடி. ஆள் இருக்காங்க.”

“இருக்கட்டும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லேன்னுதானே இத்தனை வருஷம் பயந்தே? இப்ப அவர் போயிட்டா, ஊரு வந்து ராத்திரி உனக்குத் துணைக்கு உக்காருமா?”

காப்பி சூடாக இருந்தது. பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அவள் காசு வாங்கவில்லை. வாசல் வரைக்கும் வந்து, “டப்பாவை இங்க வெச்சுட்டுப் போடி, வெறுங்கையா போ,” என்றாள். அவள் சொல்லி நான் கேட்ட ஒரே சொல் அதுதான். தப்பான குறியை அழிக்க வைத்திருக்கிற சுரண்டியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பாதியை நான் அவருடைய திசையில் நடந்தேன். எனக்கு எதிரே அவர் காலையில் தீட்டிய பட்டைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஏப்ரல் வெயில் இலைக்கு இடையே சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. பாதை ஓரமெல்லாம் காட்டுப் பூண்டு வாசம். முதலில் வேலை தெரிந்தவளின் கண்ணோடுதான் பார்த்தேன். குறை கண்டுபிடிக்க முடியுமா என்று தேடினேன். முடியவில்லை. பட்டையின் ஓரங்கள் ரம்பம் வைத்து அறுத்தது போல நேராக இருந்தன. குதிரைக்கால் அருவிக்குப் பக்கத்தில் பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில், நான் எந்த மரத்தைப் பார்ப்பேனோ சரியாக அந்த மரத்தில், நான் பார்க்கிற அதே உயரத்தில் அவர் குறி இருந்தது. ஏற்றத்தில் ஆள் மூச்சு வாங்கித் தலையைத் தொங்கப் போடுகிற இடத்தில் குறியைத் தாழ்வாக, வேர்ப்பக்கத்துக் கல்லில் போட்டிருந்தார். யாரோ தெரியாத ஒருவர் தலை குனிந்திருப்பார் என்று யோசித்திருக்கிறார்.  இப்படி யோசிக்கிற மனிதரைத்தான் நாற்காலி மேல் ஏறிக் கடல் பார்க்க அனுப்பி வைக்கிறோம்.

அருவிக்குப் பின்னால் குனிந்து போகிற குகைப்பாதையில் தண்ணீர் என் முதுகில் தெறித்தது. எதிர்த் திசையில் இதே இடத்தைப் பதினோரு தடவை கடந்திருக்கிறேன். அப்போதெல்லாம் இருட்டுக்குள் போகிற மாதிரி இருக்கும். இந்தப் பக்கமிருந்து வந்தால் வெளிச்சத்துக்குள் போகிற மாதிரி இருந்தது. இத்தனை வருடம் அவர் என்னைப் பார்க்க இந்த வெளிச்சத்தில் வந்திருக்கிறார், நான் அவரை விட்டுவிட்டு அந்த இருட்டில் போயிருக்கிறேன். வாய்விட்டுச் சொன்னேன், “அட மடச்சி.” அருவிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

பாறைக்கு நூறடி இருக்கும்போது அந்த பீச் மரம் வந்தது. மத்தியானம் நான் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்ற அதே மரம். இந்தப் பக்கத்தில் அதன் மேல் ஒரு மஞ்சள் பட்டை இருந்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அங்கே பாதை பிரியவில்லை, திரும்பவில்லை. ஒரு ஆட்டுக்குட்டிகூட அங்கே வழி தவறாது. பட்டையில் விரல் வைத்தேன். காலையில் அடித்த பெயிண்ட் இன்னும் லேசாக ஒட்டியது. அதற்குக் கீழே தடிப்பு, அதற்கும் கீழே தடிப்பு. பதினோரு வருடப் பூச்சு. வேலை தெரிந்தவர்தான், அவருமா இப்படி? சுரண்டியை இடுப்பிலிருந்து எடுத்துவிட்டேன்.

எடுத்தவள், பட்டை தீட்டுகிறவர் நிற்கிற இடத்தில் நின்றேன். எதற்காக இங்கே போட்டார் என்று தெரிந்துகொள்ளத்தான். நின்றபடி நிமிர்ந்து பார்த்தேன்.

புதர்களுக்கு நடுவே ஒரு இடைவெளி. அதன் வழியே காட்சிப்பாறை முழுசாகத் தெரிந்தது. கம்பி தெரிந்தது. நான் வந்ததும் உட்காருகிற தட்டைக் கல் தெரிந்தது.

அந்தக் கல்லில் உட்கார்ந்து, அவர் வருவதற்கு முன்னால், ஆள் இல்லை என்கிற தைரியத்தில் ஒவ்வொரு வருடமும் நான் என்னென்ன செய்வேன் என்று இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். தொப்பியைக் கழற்றித் தலை வாருவேன். கைக்கண்ணாடியைக் கம்பியில் சாய்த்து வைத்து உதட்டுச் சாயம் போடுவேன். போட்டது அதிகமோ என்று கைக்குட்டையால் பாதியைத் துடைத்து எடுப்பேன். கொம்தேயை அழகாக அடுக்குவேன், பிறகு அடுக்கியது தெரியாமல் இருக்கக் கலைப்பேன். ஒரு வருடம், “அட, வந்துட்டீங்களா?” என்று சொல்லிப் பழகினேன், மூன்று குரலில்.

இதையெல்லாம் அவர் இங்கே நின்று பார்த்திருக்கிறார். பார்க்க ஒரு காரணம் வேண்டுமே என்று அவசியமில்லாத மரத்தில் ஒரு குறியை வைத்துக்கொண்டு, வருடா வருடம் அதைப் புதுப்பித்துக்கொண்டு. வெட்கத்தில் காது வரைக்கும் எரிந்தது. அதோடு சேர்ந்து ஒரு சந்தோஷமும் வந்தது பாருங்கள், அதை அப்படியே சொல்ல எனக்குத் தெரியாது. நான் நேசித்தேன், நேசிக்கப்பட்டேன். இரண்டும் ஒரே பாதையில் நூறடி இடைவெளியில் நடந்திருக்கின்றன.

என் கல்லில் இப்போது ரெஜிஸ் உட்கார்ந்திருந்தார். சுரண்டியை அங்கேயே போட்டுவிட்டு நடந்தேன்.

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். எழுந்திருக்கவில்லை. “வந்துட்டீங்க,” என்றார். “அஞ்சு மணி நேரம். ஜினெத் பிடிச்சு வெச்சுக்கிட்டாளா?”

“எவ்வளவு நேரமா உக்காந்திருக்கீங்க?”

“மத்தியானத்துலேர்ந்து.”

“கீழ போகலையா?”

“போகலை.”

அவருடைய டப்பாவைப் பார்த்தேன். சாப்பாட்டுக்கு உட்காரும்போது எந்த இடத்தில் வைத்தாரோ அங்கேயே திரும்ப வைத்திருந்தார். பாறைக்குக் கீழே வெர்னுவா வரைக்கும், இறங்கி வருகிறவர்களுக்கான குறி ஒன்றுகூடப் போடவில்லை. இந்த மனிதர் காய்ச்சலோடு வந்து குறி போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

“சாவி,” என்றேன். “மாத்த மறந்துட்டோம்.”

“நீங்க அந்த மரத்துக்கிட்ட நின்னு பையைத் தொட்டுப் பாத்தீங்க. வெளிய எடுத்தீங்க. திரும்ப உள்ள போட்டீங்க.”

“திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு விதி இருக்கு, ரெஜிஸ்.”

“இருக்கு.”

“அப்ப கூப்பிட்டிருக்கலாமே?”

“கூப்பிட்டா சாவியை வாங்கிக்கிட்டுப் போயிருப்பீங்க.”

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அருவி விழுந்துகொண்டிருந்தது. வெயில் கல்தூணின் உச்சியில் மட்டும் மிச்சம் இருந்தது. இனித் தள்ளிப்போட ரொட்டித் துண்டுகூட இல்லை.

“போகாதீங்க,” என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

“பீச் மரத்துல உங்க குறியைப் பாத்தேன். நான் கண்ணாடி பாக்கறதை நீங்க பாத்திருக்கீங்க. அதனால இனிமே எனக்கு மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. போகாதீங்க. என் வீட்டுல மாடி கிடையாது, நாற்காலி மேல ஏற வேண்டாம். வந்து இருங்க. ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும்.”

அவர் என் கையை எடுத்துத் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். இரண்டு பேர் விரல்களிலும் மஞ்சள் பெயிண்ட் இருந்தது.

“கரின் லீவு போட்டுட்டா ஓடில். ஒரு மாசமா அந்த ரூமுக்கு வெள்ளையடிச்சுக்கிட்டிருக்கா. அவளே அடிக்கறா, ஆள் வெக்கல. அவங்க அம்மாவைப் பக்கத்துல இருந்து பாத்துக்க முடியலைங்கற குறை அவளுக்கு. என்னையாவது பாத்துக்கறேன்னு சொன்னா. சரின்னு வாக்கு குடுத்துட்டேன்.”

“எப்ப குடுத்தீங்க?”

“அக்டோபர்ல. வீடு பாக்க ஆள் வந்தாங்களே, அன்னைக்கு சாயங்காலம்.”

நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் விடவில்லை.

“அன்னைக்குக் காலையில நீங்க வந்தீங்க,” என்றார். “ஒத்தக் கையை வெச்சுக்கிட்டு நீங்க என்ன செய்வீங்க, நான் துடைச்சுத் தர்றேன்னு வந்து எல்லா ஜன்னலையும் துடைச்சீங்க. நான் சமையலறையில நின்னுக்கிட்டே இருந்தேன். இப்ப சொல்லுவாங்க, இப்ப சொல்லுவாங்கன்னு. சொன்னா கரினுக்கு போன் பண்ணி வரலைன்னு சொல்லிடறதுன்னு, போனைக் கையிலயே வெச்சுக்கிட்டிருந்தேன். மத்தியானம் நீங்க வாளியைக் கழுவிக் கவுத்திட்டு, ‘ஜன்னல் பளிச்சுனு இருக்கு ரெஜிஸ், பாக்கறவங்க உடனே எடுத்துக்குவாங்க’ன்னு சொன்னீங்க.”

“நீங்க சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கலாம்.”

“மரத்துக்குப் பின்னாடி நின்னு பாத்ததுக்கு பதிலா, முன்னாடி வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கலாம்,” என்றார் மறுபடியும். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

வெளிச்சம் இருக்கும்போதே சேர்ந்து இறங்கினோம். வழியில் அவர் குறி போட்டார், நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டேன். நடுநடுவே, இங்க வேணுமா என்று கேட்பார், வேணும் என்பேன். சில இடங்களில் வேண்டியிருக்கவில்லை. அவர் காரை மறுநாளைக்கு விட்டுவிட்டு, அன்று மாலை என் காரில்தான் இரண்டு பேரும் ஊருக்கு வந்தோம். அவர் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தார். நான் மலைப்பக்கமாகவே சுற்றி வந்தேன், அவர் ஏன் என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கரின் வந்தாள். நல்ல பெண். விரல்நகம் ஓரத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அவளை வெறுக்கத்தான் போயிருந்தேன், முடியவில்லை. கார் கிளம்பியதும் ரெஜிஸ் பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தார், ரொட்டிக் கடை வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டே போனார்.

நான் அவர் வீட்டு வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். அக்டோபரில் அந்த ஜன்னல்களுக்கு வினிகரும் பழைய செய்தித்தாளும் போட்டு மூன்று மணி நேரம் துடைத்தேன். மூலையில் அழுக்கு நிற்கக் கூடாது என்று தீக்குச்சியில் துணி சுற்றி எடுத்தேன். என் வாழ்நாளில் வேறு எந்த வேலையையும் அவ்வளவு நன்றாகச் செய்ததில்லை.